மாயன் சாமி சொன்ன ஐதீகங்கள்

நவம்பர் 17, திங்கள். கார்த்திகை 1

என் கணக்கை முடக்கி இன்றோடு இரண்டு நாள். முப்பத்தெட்டாயிரம் பேர் பின்தொடர்கிற கணக்கு! நடிகர் கிரீஷ்வரனின் ரசிகர்கள் கும்பலாகப் புகார் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். ஐம்பத்தாறு நாள் தடை. நடுவில் புதுக் கணக்கு ஆரம்பித்தால் பழையது நிரந்தரமாகப் போய்விடும் என்று மெயில் வேறு. அதனால்தான் இந்த டைரி. என் பிளக்ஸ் கடைக்கு ரோல் தருகிற கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. லைக் பட்டன் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த செய்தி. நான் மாலை போட்டிருக்கிறேன்.

எங்கள் அண்ணன், நடிகர் எழில்வர்மனின் படம் பொங்கலுக்கு வருமா, தள்ளிப்போகுமா என்று நாடே பதறிக்கொண்டிருந்தபோது (சரி, நான் பதறிக்கொண்டிருந்தபோது), "பொங்கலுக்கே வந்துவிட்டால் மாலை போட்டு மலைக்கு வருகிறேன் ஐயப்பா" என்று ஒரு பதிவு போட்டேன். நாலாயிரம் லைக். நாலாயிரத்து ஒன்றாவது லைக் அம்மாவுடையது. தேதி அறிவித்த அன்றே கறுப்பு வேட்டி வாங்கி வந்துவிட்டாள்.

"சும்மா ஒரு இதுக்காகப் போட்டதும்மா."

"ஐயப்பன்கிட்டயே சும்மாவா? எந்திரி, குளி."

சின்னமனூரில் எங்கள் குழுவுக்குக் குருசாமி, வெல்டிங் பட்டறை முத்துக்கருப்பன். கோயிலில் மாலை போடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "இன்னைலருந்து நீ லோகேந்திரன் இல்ல, சாமி. எதிர்ல நிக்கிறவனும் சாமி. வாயத் தொறந்தா சாமின்னு ஆரம்பிச்சு சாமின்னு முடிக்கணும். நாப்பத்தெட்டு நாள்ல ஒருக்காவாச்சும் ஐயப்பன் உன் முன்னாடி வந்துட்டுப் போவாரு. எந்த ரூபம்னு தெரியாது. கண்ணத் தொறந்து வெச்சுக்க சாமி."

இது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணனைப் பார்க்க மதுரை விமான நிலைய வாசலில் ஆறு மணி நேரம் நின்று, அவர் காரின் பின் டயரைப் பார்த்தவன் நான். காத்திருந்து கண்டுபிடிப்பதில் அனுபவம் உண்டு. தினமும் பதிவு செய்வேன்.

முதல் தடவை போகிறவர்களைக் கன்னிச்சாமி என்பார்கள். இந்த வருடம் இரண்டு பேர். இன்னொருவர் கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தார். குட்டையான ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். வேட்டிகூட இல்லை, பேண்ட். என்னையும் என் கழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாசல் கடைக்குப் போய் அவரும் ஒரு மாலை வாங்கி வந்தார். பெயர் தங்கமாயன். எங்கேயோ பார்த்த முகம். ஞாபகம் வரவில்லை.

(வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.)

சாமி தென்பட்டாரா: இல்லை.

நவம்பர் 18

நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீர்.
சாமி தென்பட்டாரா: கண்ணே திறக்கவில்லை.

நவம்பர் 20

கடையில் மூச்சுவிட நேரம் இல்லை. கார்த்திகை வந்தால் அன்னதான பிளக்ஸ், கல்யாண பிளக்ஸ், அதற்குள் கிறிஸ்துமஸ் பிளக்ஸ். எல்லாம் நான் ஒருவன்தான். படித்தது பி.காம். டிசைன் முழுக்க நெட்டில் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. இங்கே ஒரு ரகசியம் எழுதுகிறேன். வேலை தெரிந்தவன் எவனும் பெயர் போடாமல் விடமாட்டான். என் கையிலிருந்து எது வெளியே போனாலும் வலது ஓரத்தில் "லோகு டிசைன்ஸ், பெரியகடை வீதி. பிளக்ஸ் சிறந்த முறையில் செய்து தரப்படும்", கூடவே போன் நம்பர். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும். ஒருமுறை போட்ட செட்டிங். தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்று ஒருவர் செத்துப்போன நாய்க்கு அஞ்சலி பிளக்ஸ் கேட்டார்.

"பேரு என்ன சாமி?"

"டைகர்."

"தோற்றம், மறைவு சாமி?"

"மறைவு தெரியும். தோற்றம் குப்பமேடு."

சொல்லிவிட்டு அழுதார். ஐயப்பனாக இருக்குமோ என்று உற்றுப் பார்த்தேன். நாய் படத்தை இன்னும் பெரிசாக்கு என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். சாமி இவ்வளவு திருத்தம் சொல்லாது.

தென்பட்டாரா: இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பூஜை முடிந்ததும் எங்கள் குழுவில் ஒரு வழக்கம். பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை, சாமிகள் ஒருவர் காலில் ஒருவர் விழவேண்டும். மாயன் சாமி நேராக என்னிடம் வந்தார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் தவளை மாதிரி பின்னால் தாவினேன். விளக்கு சாய்ந்தது. குருசாமி முறைத்தார்.

"ஓடக்கூடாது சாமி. உங்களுக்குள்ள இருக்கிற சாமிக்குத்தான் விழுறாரு."

மாயன் சாமி எழுந்து நெற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "எங்க போயிருவாரு சாமி. நாப்பத்தெட்டு நாள் இருக்கே."

பிறகு அன்னதான அண்டாக்களைக் காட்டினார். "இத கன்னிச்சாமிதான் தேய்க்கணும். ஐதீகம்."

"நீங்களும் கன்னிச்சாமிதானே சாமி?"

"வயசுல சின்ன கன்னிச்சாமி. அதான் ஐதீகம்."

ஆறு அண்டா. அடிப்பிடித்த சாம்பார். தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவரைப் பற்றிக் காதில் விழுந்தது. இப்போது தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறார். போன வாரம் வரை வேப்பங்குளம் மினி பஸ்ஸில் கண்டக்டர்.

"நல்ல வேலைய ஏன் விட்டீங்க சாமி?" என்றார் குருசாமி.

"பஸ்ஸுக்குள்ள ஆடு கத்துச்சு சாமி. எறங்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அண்டாவில் நிறைய வேலை இருந்தது.

தென்பட்டாரா: அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேடினேன். இல்லை.

நவம்பர் 24

ஒரு விளக்கம். இது டைரி, கோர்ட் இல்லை. இருந்தாலும்.

சித்திரையில் கிரீஷ்வரன் படம் ஒன்று வந்தது. தேனியில் தியேட்டர் வாசலில் ஒரு சானல்காரர் மைக் நீட்டிக் கருத்துக் கேட்டார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மூன்று நிமிட வீடியோ. அதிலிருந்து பதினோரு வினாடி வெட்டி எடுத்தேன். ஒவ்வொரு தேம்பலுக்கும் ஓர் ஆடு "மேஏஏ" என்று கத்துகிற மாதிரி சத்தம் சேர்த்து, "கிரீஷ்வரன் ரசிகர்களின் இன்றைய நிலை" என்று தலைப்புப் போட்டேன். ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். என் வாழ்க்கையிலேயே பெரிய ஹிட். அண்ணனின் ரசிகர் மன்றத் தலைவரே இதயம் போட்டார்.

மீதி வீடியோவில் அவர் என்ன பேசினார் என்பது இங்கே தேவையில்லை. அது என் கம்ப்யூட்டரில் "வேண்டாதவை" என்ற ஃபோல்டரில் கிடக்கிறது. இடம் அடைக்கிறது. அழிக்கவேண்டும்.

தென்பட்டாரா: நேரமில்லை.

நவம்பர் 29

சோதனை. கிரீஷ்வரன் மன்றத்துப் பையன்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். அவர்கள் நடிகருக்குப் பிறந்தநாளாம். நாற்பது அடி பிளக்ஸ். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார்கள். ஒருவன் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வேண்டுமென்றே நின்று கேட்டான்.

"தலைப்பு என்ன போடலாம் சாமி? 'எதிரிகளின் எமன்' போடுவமா?"

மாலை போட்ட வாய். என்ன செய்வது?

"போடலாம் சாமி. கலர் செவப்பா தங்கமா சாமி?"

"எங்க தலய கும்பிடுற மாதிரி நீங்களும் ஓரத்துல நிக்கிறீங்களா சாமி?"

"இடம் பத்தாது சாமி."

அவர்கள் போனபிறகு கிரீஷ்வரன் மூக்கை ஓர் அங்குலம் நீட்ட கை துடித்தது. விரதம். செய்யவில்லை.

(அரை அங்குலம். நாற்பது அடியில் தெரியாது.)

அப்புறம் ஒன்று. போகும்போது கதவைச் சாத்தி நின்றவன் திரும்பி வந்து, "ஒடம்பப் பாத்துக்க சாமி, கண்ணு உள்ள போயிருச்சு" என்றான். கிண்டல் மாதிரி தெரியவில்லை. ஒரு நொடி சந்தேகம் வந்தது. ஆனால் ஐயப்பன் கிரீஷ்வரன் ரசிகராக இருக்க வாய்ப்பே இல்லை.

தென்பட்டாரா: இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 5

மாயன் சாமியின் ஐதீகங்கள் பெருகுகின்றன. கன்னிச்சாமி ஃபேனுக்கு அடியில் உட்காரக்கூடாது. கன்னிச்சாமி எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் சாப்பிடவேண்டும், அதுவும் அப்பளம் இல்லாமல். இன்று மண்டியிலிருந்து பூஜைத் தேங்காய் மூட்டையைப் பட்டறை வரை கன்னிச்சாமி தலையில் சுமக்கவேண்டும். ஆட்டோ சும்மா நின்றுகொண்டிருந்தது.

குருசாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பதினெட்டு வருஷமா மலைக்குப் போறேன். இது எந்த ஊரு ஐதீகம் சாமி?"

"வேப்பங்குளத்து ஐதீகம் சாமி. ரொம்பப் பழசு."

ஆனால் மூட்டையை இறக்கியதும் அவரே இளநீர் சீவிக் கொடுத்தார். வழுக்கையைச் சுரண்டி ஓட்டிலேயே வைத்துக் கொடுத்தார். அரிவாளைக் கையில் வைத்தபடி நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா குடிங்க சாமி. நல்லா தெம்பா இருக்கணும் நீங்க."

என்ன அக்கறை.

தென்பட்டாரா: இளநீர் நன்றாக இருந்தது. அதையெல்லாம் கணக்கில் சேர்க்கமுடியாது.

டிசம்பர் 12

வேப்பங்குளத்தில் ஒரு கிரகப்பிரவேச பிளக்ஸ் கொடுக்கவேண்டியிருந்தது. மினி பஸ்ஸில் போனேன். வேறு வண்டியே இல்லை என்று எழுதலாம். என்னிடம் பைக் இருக்கிறது.

கண்டக்டர் இல்லை. டிரைவரே பின்னால் திரும்பிக் காசு கேட்கிறார். பள்ளிக்கூடப் பையன்கள் ஏறினதும் கடைசி சீட்டிலிருந்து "மேஏஏ" என்றார்கள். ஆள் இல்லாத கண்டக்டர் சீட்டைப் பார்த்து! பழக்கமாகிவிட்டது போல.

டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மாயன் இருந்தா பஸ்ஸு கலகலன்னு இருக்கும் சாமி. ஒவ்வொரு ஸ்டாப்பும் பாட்டாத்தான் சொல்லுவான். 'ரைஸ்மில்லு, ராசா தோட்டம், ரயிலே வராத ரயில்வே கேட்டு'ன்னு. இந்தப் பயலுக ஏழு மாசமா ஆடு கத்தி ஆடு கத்தி, ஐப்பசி கடைசில பைய கழட்டி வெச்சிட்டு எறங்கிட்டான். ஓனரு நல்லவரு. தை ஒண்ணு வரைக்கும் பாப்போம், வந்தா அவனுக்கு, இல்லாட்டி வேற ஆளுன்னு சொல்லிருக்காரு."

பை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஆணியில். தோல் பை. விசில் கயிற்றோடு.

"வருவாரா சாமி?"

"ஆடு நின்னா வருவான்."

தென்பட்டாரா: இல்லை. பை மட்டும்.

டிசம்பர் 20

எங்கள் வீட்டில் கன்னி பூஜை. இருபத்திரண்டு சாமிகள். அம்மா மூன்று நாளாகத் தூங்கவில்லை. பந்தியில் மாயன் சாமி எனக்கு நேர் எதிரே. அம்மா, எந்த வேலையும் இல்லாத மாதிரி, சாம்பார் வாளியோடு அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"கண்டக்டர் வேலைய ஏன் சாமி விட்டீங்க?"

சொன்னார். முழுசாக. ஆடு உட்பட.

அம்மாவின் கரண்டி நடுவிலேயே நின்றது. "அந்த வீடியோவப் பண்ணினவன் நல்லா இருப்பானா சாமி?"

"நல்லா இருக்காம்மா. நல்லா சாப்புடுறான்."

எனக்குப் புரையேறியது. மாயன் சாமியே எழுந்து வந்து தலையில் தட்டினார். கொஞ்சம் பலமாகத்தான். பிறகு அம்மாவிடமிருந்து வாளியை வாங்கி என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"யாரோ நினைக்கிறாங்க சாமி உங்கள" என்றார்.

தென்பட்டாரா: சாமி கும்பிடுகிற மாதிரியா இருந்தேன் நான்.

டிசம்பர் 27

சொல்லிவிடுவது என்று முடிவு. மலை ஏறுவதற்கு முன் சொல்லாவிட்டால் பதினெட்டாம் படி தள்ளிவிடும் என்று அம்மா யாரைப் பற்றியோ சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் பயம்.

காலையில் மண்டிக்குப் போனேன். மாயன் சாமி கையில் மட்டை உரிக்கிற கடப்பாரை. திரும்பிவிட்டேன்.
மதியம் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் பாவம்.
சாயங்காலம் போனேன். "என்ன சாமி?" என்றார். "தேங்காய் என்ன விலை சாமி?" என்றேன். ஒரு தேங்காய் வாங்கிவந்தேன்.

தென்பட்டாரா: தேங்காய்க்கு மூன்று கண். மூன்றும் என்னையே பார்க்கின்றன.

ஜனவரி 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட்டறையில் இருமுடி கட்டு. முதலில் தேங்காய்க்குள் நெய் நிரப்பி மூடுவார்கள். பிறகு இருமுடிப் பைக்குள் அரிசி. சொந்தக்காரர்கள், சாமிகள், ஒவ்வொருவரும் மூன்று கைப்பிடி போடவேண்டும். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போட்டாள். குருசாமி போட்டார். மாயன் சாமி முறை. தன் வீட்டுக்குக் காட்டவேண்டும் என்று போனைத் தேங்காய் மூட்டைமேல் சாய்த்து, வீடியோ ஓடவிட்டு வந்து குனிந்தார்.

ஒரு கைப்பிடி. இரண்டு கைப்பிடி. மூன்றாவது எடுக்கும்போது அவர் கையைப் பார்த்தேன். மட்டை உரித்து உரித்து உள்ளங்கை முழுக்க வெடிப்பு. டிக்கெட் கிழிக்கிற கை.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, அந்த ஆடு வீடியோ..."

அழுதேன். கண்ணில் நீர் வருகிற அழுகை இல்லை. மூக்கு, வாய், தோள் எல்லாம் சேர்ந்து அழுகிற அழுகை. நடுவில் நானே ஒரு சத்தம் கேட்டேன். என் தொண்டையிலிருந்துதான். சத்தியமாக ஆடு மாதிரி இருந்தது.

"நான்தான் சாமி பண்ணினேன்."

அவர் மூன்றாவது கைப்பிடியை நிதானமாகப் போட்டு முடித்தார்.

"தெரியும் சாமி."

"எப்படி சாமி?"

"ஓரத்துல கடை பேரு, தெருவு, போன் நம்பரு எல்லாம் ஓடுச்சே. பிளக்ஸ் சிறந்த முறையில் செய்து தரப்படும்னு. ஒம்பது லட்சம் பேருக்கும் தெரியும் சாமி, உங்களுக்குத்தான் தெரியல."

அந்த செட்டிங்.

"பஸ்ஸ விட்டு எறங்கின மறுநாள், கார்த்திகை ஒண்ணு, உங்கள அடிக்கத்தான் வந்தேன். கோயிலுக்குப் போயிருக்கான்னு அம்மா சொன்னாங்க. ஓடிவந்து பாத்தா கழுத்துல மாலை! மாலை போட்ட சாமிய அடிக்க முடியுமா? சரி, கழட்டுற வரைக்கும் பொறுப்போம், எங்கிட்டாச்சும் ஓடிருவீங்களோன்னு நானும் ஒண்ணு வாங்கிப் போட்டேன்."

"அப்ப அந்த ஐதீகமெல்லாம் சாமி?"

"அதெல்லாம் டிரெய்லர் சாமி. படம், மாலை கழட்டுற அன்னிக்கு."

குருசாமி "சாமியே..." என்று குரல் எடுத்தார். எல்லோரும் "சரணம் ஐயப்பா" என்றார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்த பார்வையில் சரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 5

வேனில் எனக்குப் பக்கத்து சீட் மாயன் சாமி. அவரே கேட்டு வாங்கிய சீட். குமுளி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அடிக்கப்போகிறவரின் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அசையாமல் இருந்தேன். தோள் மரத்துப்போயிற்று.

நீலிமலை ஏற்றத்தில் என் கால் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே வளர்ந்த கால். கல்லில் உட்காரவைத்து மாயன் சாமி தைலம் போட்டுத் தேய்த்தார்.

"வேணாம் சாமி, நீங்க போய் என் கால..."

"சும்மா இருங்க சாமி. கால் சரியானாத்தான் நீங்க ஓடுவீங்க. ஓடினாத்தான் தொரத்தி அடிக்க நல்லாருக்கும்."

முக்கால் மணி நேரம் தேய்த்தார். குழு முன்னால் போய்விட்டது. அவரும் போயிருக்கலாம்.

பதினெட்டுப் படி. என்னைத் தள்ளவில்லை. போலீஸ்காரர்தான் தள்ளினார், மேலே. சன்னதிக்கு முன்னால் ஒரே நெரிசல். ஆளுக்கு இரண்டு வினாடி. நாற்பத்தொன்பது நாள் பச்சைத் தண்ணீர் இந்த இரண்டு வினாடிக்குத்தான். கழுத்தை நீட்டினேன். பக்கத்தில் மாயன் சாமி குதித்துக் குதித்துப் பார்க்கிறார். குட்டை ஆள். முன்னால் ஆறடி ஆந்திரச் சாமிகள்.

"தெரியுதா சாமி?"

"இவரு குடுமிதான் தெரியுது சாமி!"

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. இடுப்பைப் பிடித்து அப்படியே மேலே தூக்கினேன். "தெரியுது! தெரியுது சாமி! ஐயப்பா!" என்று கத்தினார். அதற்குள் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்துவிட்டோம்.

நான் பார்க்கவில்லை. என் இரண்டு வினாடியில் என் முகத்துக்கு நேராக இருந்தது மாயன் சாமியின் முதுகு. வியர்வை, தைலம், திருநீறு.

தென்பட்டாரா: முதுகு.

ஜனவரி 6

காலை பத்து மணி. சின்னமனூர் கோயில். குருசாமி ஒவ்வொரு மாலையாகக் கழற்றினார். முதலில் என்னுடையது. கழுத்து திடீரென்று லேசாகி, காற்றுப் பட்டது. அடுத்து மாயனுடையது. கழற்றியதும் சட்டைக் கையை மடித்தார்.

"கோயிலுக்கு வெளிய வா" என்றார். முதல் "வா".

போனேன். ஓடலாம் என்று யோசித்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. அவர் தேய்த்த கால். அதை வைத்து எப்படி ஓடுவது?

வேப்பமரத்தடியில் நின்றோம். கையை ஓங்கினார். கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒம்பது லட்சம் பேரு பாத்தாங்க சாமி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். காறித் துப்பிவிட்டு மறுபடி ஓங்கினார். "எங்கப்பன நெனச்சு அழுதத ஆடாக்கிட்டீங்களே சாமி... சே!"

கண்ணைத் திறந்தேன். கை இன்னும் மேலேதான் இருந்தது.

"என்னாச்சு சாமி?"

"வாய்ல சாமின்னே வருதுய்யா. நாப்பத்தொம்பது நாள் கால்ல வேற விழுந்து தொலச்சிட்டேன். 'டேய்'னு ஒருக்கா சொல்லிட்டேன்னா அடிச்சிருவேன். வர மாட்டேங்குது."

"நான் வேணா சொல்லித் தரவா சாமி?"

"மூடு... மூடுங்க சாமி."

கையை இறக்கினார். மரத்தடித் திண்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல் பீடி. இருமினார். நான் தண்ணீர் வாங்கிவந்தேன். குடித்தார்.

"பஸ்ஸுக்குப் போவீங்களா சாமி?" என்று கேட்டேன்.

"ஆடு நின்னுருமா?"



ஜனவரி 7

அம்மா இன்னும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறாள். அப்பளம் இல்லாமல்.

ஜனவரி 10, சனி

கணக்கு திறந்துவிட்டது. நானூறு மெசேஜ். "அட்மின் எங்கய்யா", "அண்ணன் படம் வருது, அடி தொடங்கு", "ஆடு பார்ட் டூ போடு".

மாயனிடம் போய் அவர் போனில் இருந்த இருமுடி கட்டிய வீடியோவைக் கேட்டேன்.

"எதுக்கு சாமி?"

"பார்ட் டூ."

போனை எடுத்துத் தேடினார். பிறகு அனுப்பினார். "என் பேரையும் ஓரத்துல போடுங்க. நான்ல எடுத்தேன்."

இரண்டு வீடியோ போட்டேன். முதலாவது, "வேண்டாதவை" ஃபோல்டரில் இருந்த மூன்று நிமிடமும் வெட்டாமல். அதில் அவர் சொல்வது இதுதான். அவர் அப்பாவும் அதே மினி பஸ்தான், டிரைவர். மகனைக் கூப்பிட ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுவார். பங்குனியில் போய்விட்டார். படத்தில் ஒரு வண்டி அதே மாதிரி இரண்டு தட்டு ஹாரன் அடித்ததும், இவர் தியேட்டரில் "இந்தா வந்துட்டேம்ப்பா" என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார முடியாமல் வெளியே வந்திருக்கிறார். படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எட்டு மாதமாக எனக்கு இது தெரியும்.

இரண்டாவது, நான் அழுகிற பதினோரு வினாடி. ஆட்டுச் சத்தம் நானே சேர்த்தேன், ஒவ்வொரு தேம்பலுக்கும். பொருத்திப் பார்த்தால் எனக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. தலைப்பு: "ஆடு நான்தான். கண்டக்டர் இல்லை." வலது ஓரத்தில்: "ஒளிப்பதிவு: தங்கமாயன், வேப்பங்குளம் மினி பஸ்."

சாயங்காலத்துக்குள் இரண்டு லட்சம். மன்றத் தலைவர் என்னை நீக்கிவிட்டார். கிரீஷ்வரன் ஆட்கள் கொண்டாடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். "நன்றி சாமி." "சரியாச் சொன்னீங்க சாமி." பழக்கம் விடவில்லை. திட்டுகிறவனுக்கு "சாமி" என்று பதில் போட்டால் அடுத்த திட்டு கொஞ்சம் தயங்கித்தான் வருகிறது. கடைக்கு வந்த அந்தக் கதவுப் பையன் மட்டும், "கண்ணு பரவால்ல இப்ப" என்று எழுதியிருந்தான்.

அம்மா பேசிவிட்டாள். "அந்த வீடியோல மூக்கையாவது தொடச்சிருக்கலாம்."

ஜனவரி 13

மாயனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. மண்டியில் விசாரித்தேன். நேற்றும் வரவில்லையாம், இன்றும் வரவில்லையாம்.

ஜனவரி 15, வியாழன். தை 1

காலை ஐந்தரைக்கு அண்ணன் படம், முதல் காட்சி. முதல் மினி பஸ் ஆறு மணிக்கு. டிக்கெட் ஒரு மாதம் முன்பே எடுத்தது, இரண்டாவது வரிசை. தியேட்டர் வாசலில் பட்டாசுச் சத்தம் தெரு வரை கேட்டது. அந்தப் பக்கம் நான்கு அடி வைத்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணன் மன்னிக்கவேண்டும்.

ஆறு மணி. பஸ் வரவில்லை. ஆறு ஐந்து. கரும்புக் கட்டோடு நாலு பேர், பொங்கல் லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போகிற பள்ளிக்கூடப் பையன்கள் எட்டுப் பேர். என்னைப் பார்த்ததும் ஒருவன் இன்னொருவனை இடித்தான்.

"டேய், அந்த வீடியோல அழுதவருடா."

"மேஏஏ!"

எட்டுத் தொண்டையும் சேர்ந்து. ஒன்பதாவதாக நானும் சேர்ந்துகொண்டேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போதுதான் வளைவில் ஹாரன். இரண்டு தட்டு. படியில் தொங்கிக்கொண்டு காக்கிச் சட்டை, தோளில் தோல் பை.

"ரைஸ்மில்லு, ராசா தோட்டம், ரயிலே வராத ரயில்வே கேட்டு! கரும்ப குறுக்க வெக்காதீங்க, கண்ணக் குத்தும்!"

ஏறினேன். கூட்டம் நெருக்கியது. பையன்கள் பின்னாலிருந்து என்னை நோக்கி "மேஏஏ" என்றார்கள். மாயன் என்னையும் பார்த்தார், அவர்களையும் பார்த்தார்.

"ஆட்டுக்கும் டிக்கெட் உண்டுப்பா. எடுக்கச் சொல்லுங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. இந்தத் தடவை தலையை விட்டுக்கொள்ள எனக்கு அண்டா எதுவும் இல்லை, நானும் சிரித்தேன். பாக்கெட்டில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. நீட்டினேன். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தை ஒண்ணாந்தேதி, மொத டிரிப்பு, மொத போணி, ஐந்நூறா? அறிவிருக்கா டே..." நின்றார். முகம் சுருங்கியது. முயன்றார். "அறிவிருக்கா சாமி?"

சாமி தென்பட்டாரா: தென்பட்டார். சில்லறை இல்லாமல் ஏறியதற்குத் திட்டினார்.